கோணி வீடு எது?

நேற்று குரூப்பில் நீங்கள் அடித்துக்கொண்டதை எல்லாம் பார்த்தேன். அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறுகிறாள், லைன் வீட்டுப் பிள்ளைகள் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பிளெக்ஸ் வைக்கலாம் என்று ஒருத்தர் ஆரம்பித்தார். நல்ல யோசனைதான். அடுத்த நிமிஷமே பிளெக்ஸில் எந்தப் பேரைப் போடுவது என்று சண்டை வந்துவிட்டது. முழுப்பேர் போட்டால்தான் மரியாதை என்று ஒரு கட்சி. முழுப்பேரைப் போட்டால் அது யாரென்று நமக்கே தெரியாதே என்று இன்னொரு கட்சி. நடுவில் யாரோ ஒரு புண்ணியவான், "ஸ்டாம்பு சொல்லட்டும்" என்று என்னைக் கோர்த்துவிட்டிருக்கிறார். சரி, சொல்கிறேன். வாய்ஸ் மெசேஜில் அடங்குகிற சமாசாரம் இல்லை, உட்கார்ந்து படியுங்கள். நமக்கெல்லாம் கண்ணாடி தேடுகிற வயசு வந்தாயிற்று, அதனால் நிதானமாகவே படியுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை பாதி தெரியும். அப்பா எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. நான் அந்த வீட்டுக்குள் இருந்தவள். அத்தை இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு வளர்ந்ததால்தானே எனக்கு ஸ்டாம்பு என்று பேர்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் நம்ம லைன். ஒரு பக்கம் மாதா கோயில் மணி, இன்னொரு பக்கம் கூட்ஸ் வண்டி போகிற சத்தம். ஒன்பது வாசல், ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே குழாய். முனையில் பேக்கரி. காலையில் ரொட்டி வேகிற வாசனை முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒழுங்காக வந்து போகும், தண்ணீர்தான் அப்படி வராது. தமிழ், கன்னடம், பாய் வீட்டு உருது, சட்டைக்காரர் என்று நாம் சொல்லுகிற ஆங்கிலோ இந்தியர் வீட்டு இங்கிலீஷ் எல்லாம் அந்தக் குழாயடியில் ஒன்றாகத்தான் வரிசையில் நிற்கும்.

பட்டப்பேர் வைப்பதில் நம்ம லைனை அடிக்க ஆள் கிடையாது. நேற்றைய பன்னைக்கூட "சுடச்சுட" என்று விற்றதால் பேக்கரிக்காரர் சுடச்சுட. எதைச் சொன்னாலும் "ஆய்த்து, ஆய்த்து" என்று கன்னடத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டு, சொன்னதை மறந்துவிடுகிற கன்னட டீச்சர் ஆய்த்து டீச்சர். எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்கு" என்றே சொல்லுகிற டைலர் பாய்க்கு, பேரே நாளைக்கு. இதிலே ஒரு சட்டம் உண்டு, நினைவிருக்கிறதா? பட்டப்பேரை நாமாக வைத்துக்கொள்ள முடியாது. மூணாவது வீட்டுப் பையன் தன்னை எல்லோரும் டைகர் என்று கூப்பிட வேண்டும் என்று மிட்டாய் கொடுத்துப் பார்த்தான். மிட்டாயைத் தின்றுவிட்டு ஒரே வாரத்தில் அவனைப் பூனையாக்கிவிட்டோம். இன்றைக்கு அவன் பெரிய கம்பெனியில் மேனேஜர், குரூப்பில் பூனை.

பட்டப்பேர் என்றால் கேலி என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். நம்ம லைனில் எல்லாமே கேலி இல்லை. அத்தையின் கோணி அப்படி வந்த பேர் இல்லை.

அந்த நாளில் நான் இடுப்புக் குழந்தை, எனக்கு நினைவில்லை. ஆனால் லைனே சொல்லிச் சொல்லி, நான் கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்குப் பதினாறு வயசு. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள். டைலர் பாய் பெண்டாட்டி குழாயடியில் வரிசையில் நிற்கிறாள். பாய் வீட்டுக்குள்ளே பம்ப் ஸ்டவ்வில் பால், அதற்கு இரண்டு அடி தள்ளி தூளியில் குழந்தை. ஸ்டவ் குபீரென்று பற்றிக்கொண்டது. டைலர் வீடு, கேட்க வேண்டுமா, மூலைக்கு மூலை வெட்டுத்துணி. தீ தரையோடு ஓடியது.

அத்தை என்னைத் தரையில் இறக்கிவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினாள். நம்ம வீடுகளில் எல்லாம் அப்போது பாத்ரூம் வாசலில் கால் துடைக்க ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டிருப்போம் இல்லையா, எப்போதும் சொதசொதவென்று ஈரமாக, சணல் நாற்றத்தோடு கிடக்கும். அதை உருவிக்கொண்டு பாய் வீட்டுக்குள் போனாள். குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக் கோணிக்குள் சுருட்டி வெளியே கொண்டுவந்து, ஓடிவந்த பாய் பெண்டாட்டி கையில் கொடுத்தாள். கோணியை மட்டும் உருவிக்கொண்டு திரும்பவும் உள்ளே போய் அதை ஸ்டவ் மேல் போட்டு அழுத்தினாள். குழாயடி வாளிகள் வந்து சேர்வதற்குள் தீ அடங்கிவிட்டது. குழந்தைக்கு ஒரு முடி கருகவில்லை. அத்தைக்கு வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவள் கோணி. முதலில் யார் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஒன்பது வீடும் நான்தான் நான்தான் என்று உரிமை கொண்டாடும். கன்னடத்திலும் கோணிக்குக் கோணிதான் வார்த்தை என்பதால் ஆய்த்து டீச்சருக்கும் சுலபமாகப் போயிற்று. பெரியவர்களுக்குக் கோணி, நமக்குக் கோணியத்தை, கோணியக்கா, தப்பித்த அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்ததும், உருது அக்காவாக, கோணி ஆப்பா. கோணி என்று கூப்பிட்டால் அத்தை நிமிர்ந்து பார்ப்பாள். அந்த நிமிர்வைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

லைனில் அந்தப் பேரை வாயில் எடுக்காத ஒரே ஆள் அப்பா. அவருக்கு அவள் அமலோற்பவ மேரி. ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகச் சொல்லித்தான் தங்கையைக் கூப்பிடுவார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அத்தை பிறந்தபோது அப்பாவுக்குப் பதினேழு வயசு. ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர்தான். இந்தப் பிள்ளைக்கு என்ன பேர் என்று சாமியார் கேட்டபோது, கோயிலே கேட்கிற மாதிரி அமலோற்பவ மேரி என்று சொன்னவரும் அவர்தான். அப்புறம் பெற்றவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகப் போய்ச் சேர, அண்ணனே தகப்பனானார். அந்தப் பேர் அவர் அவளுக்குச் செய்த முதல் காரியம். அது எனக்குப் பத்து வயசில் எங்கே புரிந்தது.

அந்தப் பத்து வயசில்தான், ஒரு ஜூன் மாச மழையில், ஆனேக்கல்லிலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. அவளுக்கு இருபத்து நாலு. அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து போயிருந்தது. கையைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த ஆனேக்கல் மாப்பிள்ளைக்கு பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. நல்ல குடும்பம் என்று தரகர் சத்தியம் பண்ணினார். இதுவும் போனால் இனிமேல் வராது என்று அம்மா சமையலறையில் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் தெருவில் வந்து ரகசியமாக விசாரிப்பார்கள் இல்லையா, அப்படி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை, எங்களுக்குச் சொல்லாமல் வந்தார்கள். நாம் அப்போது பேக்கரி வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்று, "இங்க அமலோற்பவ மேரின்னு ஒரு பொண்ணு, நர்சரி ஸ்கூல் டீச்சர், எந்த வீடுங்க?" என்று பேக்கரிக்காரரைக் கேட்டார்கள்.

"மேரியா? எந்த மேரி? இந்த லைன்ல தடுக்கி விழுந்தா மேரிதான். ஆனா இந்த முன்னாடி வர்ற பேர்ல யாரும் இல்லீங்க."

டைலர் பாயிடம் போனார்கள். "அப்படி யாரும் இல்ல ஜி. நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன்" என்றார் அவர். அந்தப் பெண் ஒரு காலத்தில் தன் பிள்ளையைத் தீயிலிருந்து தூக்கி வந்தவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆய்த்து டீச்சர் மட்டும் "ஆய்த்து, ஆய்த்து" என்று தலையாட்டினார். அவர்களும் நம்பிக்கையோடு பார்த்தார்கள். அப்புறம் அவர், "கொத்தில்லா, எனக்குத் தெரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பேக்கரி போனுக்குத் தரகர் கூப்பிட்டார். நம்ம லைனில் யாருக்குப் போன் வந்தாலும் பேக்கரிக்குத்தானே வரும், ரொட்டி வாங்க நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு பெண்ணே இல்லையாமே, நீங்கள் விலாசத்தை மாற்றிச் சொல்கிறீர்களா என்று தரகர் கத்தினார். அப்பாவின் காது சிவந்தது. "இல்லாத பொண்ணுக்கா நான் மாப்பிள்ளை தேடறேன்?" என்று கேட்டுவிட்டு, போனை வைத்துத் திரும்பினார். பேக்கரிக்காரர் மெதுவாக, "சார், அது நம்ம கோணியா?" என்றார்.

தரகரைச் சமாதானப்படுத்தி, மூன்று ஞாயிறு கழித்து நேராக வீட்டுக்கே வருவது என்று முடிவாயிற்று. மறுநாள் பூசை முடிந்ததும் அப்பா குழாயடியில் நின்று லைனுக்கே அறிவித்தார். கோயிலில் பூசை முடிவில் அறிவிப்புகளை மைக்கில் வாசிப்பவர் அவர்தான் என்பதால், குழாயடியிலும் அதே குரல் வந்தது.

"இன்னையிலேர்ந்து என் தங்கச்சியை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அமலோற்பவ மேரி. முடியலன்னா மேரி. உங்க வீட்டுப் பொண்ணுக்குச் செய்யற மாதிரி செய்யுங்க."

அவர் எதற்குப் பயந்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கோணி என்று யாராவது கூப்பிட்டால், ஏன் அப்படி ஒரு பேர் என்று கேட்பார்கள். கேட்டால் தீயைச் சொல்ல வேண்டும். தீயைச் சொன்னால் கையைக் காட்ட வேண்டும். கையைக் காட்டினால் மூன்றாவது இடமும் காப்பி குடித்துவிட்டுப் போய்விடும். அவர் கணக்கு அவ்வளவுதான். லைனோ, நம்ம பேரைப் பார்த்து சாருக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டது.

அந்த மூன்று வாரம் நாம் பட்ட பாடு! நாக்கு கோ என்று ஆரம்பித்துவிடும், பாதியில் பிடித்து இழுத்து மேரி என்று முடிப்போம். கடைசியில் அவள் கோமேரி ஆனாள், அதுவும் கொஞ்ச நாள் நிலைத்தது. குழாயடியில் மேரி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், அத்தை மட்டும் குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் இன்னும் மோசம். அப்பா பாத்ரூம் வாசலில் கிடந்த கோணியை எடுத்துப் பரணில் போட்டார். ரேஷன் அரிசிக் கோணியை டிரம்முக்குள் கொட்டச் சொன்னார். பேக்கரி வாசலில் அடுக்கியிருந்த மைதா மூட்டைகளைக்கூட அந்த ஞாயிறு உள்ளே வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கோணி ஊசியை அம்மா "அந்தப் பெரிய ஊசி" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கோணியை ஒளிச்சிடலாம். கையை எங்க கொண்டுபோய் ஒளிப்பீங்க?" என்றாள்.

அப்பா அதையும் யோசித்து வைத்திருந்தார். முழுக்கை ரவிக்கை.

அத்தையோடு நான்தான் டைலர் பாய் கடைக்குப் போனேன். மெஷின் எண்ணெய் வாசனை, காலடியில் வெட்டுத்துணி, சுவரில் மெக்கா படம் போட்ட காலண்டர். பாய் தோளிலிருந்து டேப்பை விட்டு அளந்துகொண்டே வந்தார். முழங்கைக்குக் கீழே அந்தச் சுருங்கிய தோலுக்கு வந்ததும் டேப் நின்றது.

"ஃபுல் ஸ்லீவா? யார் சொன்னது?"

"அண்ணன்."

பாய் டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். வாசலில் அவர் மகள், தூளியிலிருந்து தப்பிய அதே பிள்ளை, எட்டு வயசில் இரட்டைப் பின்னலோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "இந்தக் கையை என் கையால மூடச் சொல்றாரா உங்க அண்ணன்?" என்றார்.

"நீங்க நாளைக்குன்னு சொல்லாம தெச்சுக் குடுங்க பாய், அது போதும்" என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் என் கையைப் பிடிக்கவில்லை.

சொன்ன நாளில் தைத்துக் கொடுத்தார் பாய். அவர் ஆயுசில் அந்த ஒரு துணிதான் சொன்ன நாளில் வந்தது என்று லைன் பேசிக்கொண்டது. மணிக்கட்டில் தையல் போட்டு மூடாமல் முழங்கை வரை கீறல் விட்டு, ஒரே ஒரு பிரஸ் பட்டன் வைத்திருந்தார். இழுத்தால் டப்பென்று திறந்துகொள்ளும். இது என்ன ஃபேஷன் என்று அம்மா கேட்டாள். "காத்து வேணாமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு மதியம் நல்ல மழை. ஆனேக்கல் பஸ்ஸில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா, மூன்று பேரும் பாதி நனைந்து வந்து சேர்ந்தார்கள். லைனே நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றது. போகிற வழியெல்லாம் "மேரி வீடுங்களா, அதோ" என்று கேட்காமலே சொன்னார்கள். பேக்கரிக்காரர் கேக் அனுப்பியிருந்தார், அன்றைக்கு மெய்யாலுமே சுடச்சுட. நாம் எல்லோரும் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கினோம். டைலர் மகள்தான் முன்னால்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அத்தை காப்பி கொடுத்தாள், பட்டன் மூடியிருந்தது. பையனின் அம்மா படிப்பைப் பற்றிக் கேட்டார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா ஒரு வாக்கியத்துக்கு ஒரு அமலோற்பவ மேரி போட்டுப் பதில் சொன்னார். அப்போது தாய்மாமா சேற்றுக் காலைக் கழுவ வேண்டும் என்று பின்பக்கம் போனார். கழுவிவிட்டு ஈரக்காலோடு, முந்தின நாள்தான் மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்புத் தரையில் கால் வைத்தார். தொப்பென்று ஒரு சத்தம்.

எல்லோரும் ஓடினோம். மனுஷர் மல்லாந்து கிடந்தார், அடி பெரிதாக இல்லை, வேட்டிதான் பாழ். அவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டே பையனின் அம்மா கேட்டார். "ஏங்க, பாத்ரூம் வாசல்ல காலைத் துடைக்க ஒரு கோணிகூடப் போட மாட்டீங்களா?"

ஜன்னலிலிருந்து டைலர் மகள், பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை, "இருந்துச்சு ஆன்ட்டி. சார் எடுத்துப் பரண் மேல ஒளிச்சு வெச்சிட்டார்" என்றாள்.

"கோணியை எதுக்குப்பா ஒளிக்கணும்?" என்றார் தாய்மாமா, இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

அத்தை வெந்நீர் ஒத்தடத் துணியை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்த மூன்று வாரத்தில் நான் பார்க்காத நிமிர்வு.

"அண்ணன் ஒளிச்சது கோணியை இல்லீங்க, என்னைத்தான்" என்றாள். "எனக்கு ஞானஸ்நானப் பேர் அமலோற்பவ மேரி. அண்ணன் வெச்சது, எனக்குப் பிடிச்ச பேர். ஆனா இந்த லைன்ல என்னைக் கோணின்னுதான் கூப்பிடுவாங்க. அதுவும் எனக்குப் பிடிச்ச பேர்தான். கேட்டு வாங்கினது இல்ல, அவங்களா குடுத்தது."

டப். பட்டன் திறந்தது. ரவிக்கைக் கையை முழங்கை வரை விலக்கிக் காட்டினாள். ஜன்னலைப் பார்த்து, "உள்ள வாடி" என்று டைலர் மகளைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை நனைந்த பின்னலோடு வந்து ஒற்றைக் காலில் நின்றது. "இவளைத்தான் கோணியில சுத்தி எடுத்துட்டு வந்தேன். அப்போ இவ்வளவுதான் இருந்தா" என்று கையால் காட்டினாள்.

பையனின் அம்மா கிட்டே வந்து அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளையையும் ஒரு தரம் பார்த்தார். "இப்ப வலிக்குமா?"

"மழை வந்தா அரிக்கும்மா."

"தேங்காய் எண்ணெய் தடவு" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும் கிளம்பினார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் தாய்மாமா.

அவர்கள் முனை திரும்பியதும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "நீயே கெடுத்துக்கிட்டியே அமலோற்பவம்" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், தேய்ந்து போயிருந்தது.

"அண்ணே, போனா இந்தக் கையோடதான் போவேன். இதை இங்க விட்டுட்டு நான் மட்டும் போக முடியுமா?" என்றாள் அத்தை. உள்ளே போய் முழுக்கை ரவிக்கையை மாற்றிவிட்டு வந்தாள். பரணில் ஏறி கோணியை எடுத்து உதறி, பழைய இடத்தில் போட்டாள். நான் அவளைப் பெருமையோடு பார்த்தேன். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் எனக்கு முதுகு நேராகிறது.

ஆனேக்கல்லிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. பேக்கரி போன் அடிக்கும்போதெல்லாம் லைன் எட்டிப் பார்க்கும், வேறு யாருக்காவது இருக்கும். அப்பா ஆபீஸ் போவார், வருவார், சாப்பிடுவார், பேச்சு மட்டும் நின்றுவிட்டது. அத்தை வழக்கம்போல நர்சரிப் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் வாத்தின் கழுத்தைச் சேர்த்து வெட்டிவிடுவாள். வரனை வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. அவரை அவளுக்குப் பிடித்திருந்தது, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். தன்னை முழுசாகக் கொடுத்துப் பார்த்தாள், வாங்கிக்கொள்வார்களா என்பது அவள் கையில் இல்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நாம் எல்லோரும் லைன் முனையில்தான் இருந்தோம், நீங்களே சாட்சி. ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நீலச் சட்டை, கையெல்லாம் கிரீஸ் கறை, வேலை முடிந்து நேராக வந்த ஆள். மாப்பிள்ளை. அவருக்கு வீடு தெரியும், ஏற்கனவே வந்து காப்பி குடித்த வீடு. ஆனாலும் டைலர் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, லைனுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"கோணி வீடு எதுங்க?"

பாய் மெஷினை நிறுத்தினார். பேக்கரிக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்தார். ஆய்த்து டீச்சர் கதவைத் திறந்தார். யார் முதலில் கையை நீட்டினார்கள் என்று தெரியாது, ஒன்பது வாசலிலிருந்தும் எங்கள் வீட்டைப் பார்த்துக் கை நீண்டது. நாமும் நீட்டினோம். பாய் கையை மட்டும் நீட்டவில்லை, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க, நானே காட்டறேன்" என்று கூடவே நடந்தார். அவர் பின்னால் லைனே நடந்தது.

அப்பா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து ஒரு கால் செருப்போடு நின்றார்.

"சார், எங்க பெரியவங்க முதல்ல வந்து கேட்டப்போ இங்க ஒருத்தருக்கும் தெரியலன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. "நான் இன்னைக்குக் கேட்டேன். எல்லா வீடும் கை நீட்டுது. இதுக்கு மேல நான் யார்கிட்ட சார் விசாரிக்கணும்? அம்மாவும் சரின்னுட்டாங்க. மாமாவுக்கு இடுப்பு வலி போகட்டும்னுதான் இத்தனை நாள் ஆச்சு."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. திரும்பி வீட்டுக்குள்ளே பார்த்து, அத்தையைக் கூப்பிட வாயைத் திறந்தார். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். அத்தைதான் தானாகவே வாசலுக்கு வந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். வேதம் வேறாக இருக்கிற உங்களுக்காகச் சொல்கிறேன்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் வாசிப்பது. எங்கள் கோயிலில் அதை வாசிக்கிறவர் அப்பா. முதல் ஞாயிறு அமலோற்பவ மேரி என்று வாசித்தார், ஒருத்தர் தலையும் திரும்பவில்லை. வெளியே வந்ததும் பின்வரிசைக் கிழவர் ஒருவர், யாரப்பா அந்தப் பொண்ணு என்று அப்பாவையே கேட்டார். இரண்டாம் ஞாயிறும் அப்படியே.

மூன்றாம் ஞாயிறு கோயில் வாசலில் கூட்டம். நம்ம லைனில் கோயிலுக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள். ஆய்த்து டீச்சர் பட்டுப்புடவையில். டைலர் பாய், பெண்டாட்டி, மகள் மூவரும் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அரைக்கை ரவிக்கை.

அப்பா மைக் முன்னால் வந்தார். காகிதத்தைப் பிரித்து வாசித்தார். ஆனேக்கல் பங்கைச் சேர்ந்த இன்னாருக்கும், நமது பங்கைச் சேர்ந்த அமலோற்பவ மேரிக்கும் என்று வந்ததும் நிறுத்தினார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பேரை ஒரு காலத்தில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கோயிலே கேட்கச் சொன்னாரே, அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு, அதே மாதிரி கோயிலே கேட்கச் சொன்னார்.

"நம்ம கோணி."

கோயில் முழுக்கத் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி, தடை ஏதும் அறிந்தவர்கள் என்று ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை. அப்பா காகிதத்தை மறுபடி எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற டைலர் பாயைப் பார்த்தார், லைன்காரர்களைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"தடை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.